தண்டு: பெங்களூரின் கிழக்குப் பாதி

கன்னடத்தில் 'தண்டு' என்றால் படை. பெங்களூர்க் கண்டோன்மென்ட்டுக்கு அவ்வூர் மக்கள் இட்ட பெயரும் அதுவே. தமிழ் அகராதிகளிலும் அச்சொல்லுக்கு அப்பொருள் உண்டு, வழக்கில்தான் இல்லை.

1799இல் திப்பு வீழ்ந்தபின் சீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலேயப் படையை அவ்வூர்க் காய்ச்சல் நிலைக்கவிடவில்லை. 1809இல் பாசறை அல்சூர் ஏரியை ஒட்டிய மேட்டுநிலத்துக்கு மாறியது. மேற்கே கெம்பே கவுடாவின் பழைய பேட்டை, நெசவும் வணிகமும் வளர்த்த ஊர். கிழக்கே படைக்கென்றே எழுந்த புது ஊர். இடையில் கிடந்த வெளியில்தான் 1870இல் கப்பன் பூங்கா உருவாயிற்று. புது ஊரின் தெருப்பெயர்களே அதன் பிறப்பைச் சொல்லிவிடும்: பிரிகேட் சாலை, இன்ஃபன்ட்ரி சாலை, பின்னாளில் காமராசர் சாலையான கேவல்ரி சாலை. இன்றைய மகாத்மா காந்தி சாலை அன்று சவுத் பரேடு, அதாவது அணிவகுப்புத் திடலின் தென்விளிம்பு.

ஆய்வாளர்கள் பலரும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். பங்களாக்களையும் மன்றங்களையும் வியந்து எழுதுகிறோம். பெங்களூர் கிளப்பில் சர்ச்சில் வைத்துப்போன 13 ரூபாய்ப் பாக்கியைக் குறிப்பிடாதவர் அரிது. ஆனால் படை தனியே வருவதில்லை. சமையற்காரர், சலவையாளர், குதிரைக்காரர், தோல் தைப்பவர், கொத்தர், இறைச்சி விற்போர், ஒப்பந்தக்காரர் எனப் பெருங்கூட்டம் அதன் பின்னே வரும். வந்தது சென்னை மாகாணப் படை. ஆகவே உடன்வந்தோரிலும் தமிழர் மிகுதி. அல்சூரிலும் பிளாக்பள்ளியிலும், அதாவது இன்றைய சிவாஜி நகரிலும், அவர்கள் குடியேறினர். அவர்களுள் உயர்ந்தவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். இன்று உயர்நீதிமன்றமாக விளங்கும் அட்டார கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவர். 1873இல் பள்ளியும் நிறுவினார். ஏனையோரின் பெயர்கள் ஆவணங்களில் தொழிற்பெயர்களுக்குள் அடங்கிப்போயின.

1864இல் சோலையார்பேட்டையிலிருந்து வந்த இருப்புப்பாதை கண்டோன்மென்ட்டோடு நின்றது. பேட்டைப் பக்கம் இரயில் செல்லப் பல ஆண்டுகளாயின. படையின் தேவையே முதன்மை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1881இல் மைசூர் உடையார்களுக்கு நாடு திரும்பியபோதும் இப்பகுதி திரும்பவில்லை. 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் 1947 வரை பிரித்தானிய ரெசிடெண்டின் ஆட்சியில் இருந்தது. தம் நாட்டின் நடுவே தமக்கு உரிமையில்லாத ஒரு நகரம் என்ற மைசூர்க்காரரின் மனக்குறை நியாயமானதே. 1949இல் ஒரே மாநகராட்சி வந்தது. நிருவாகக் கோடு அழிந்தது; மொழிக்கோடு அழியவில்லை. 1991 காவிரிக் கலவரத்தில் தாக்கப்பட்ட தமிழர்கள் 'வெளியிலிருந்து வந்தவர்' எனப்பட்டனர். அவர்களுள் சிலரேனும் 1809இன் பாசறையைத் தொடர்ந்து வந்தோரின் வழித்தோன்றல்களாக இருந்திருப்பர். பேரரசின் மீதான சினம், அதற்குச் சோறாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள்மேல் விழுந்ததாகவே நான் இதைப் படிக்கிறேன். மறுப்போர் உண்டு, எழுதுங்கள்.

சென்னைப் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம் இன்றும் அல்சூர் ஏரிக்கரையில் உள்ளது. உலகப் போர்களில் முள்வேலி தகர்க்கப் பயன்பட்ட 'பெங்களூர் டார்பிடோ' 1912இல் அங்குதான் உருவாயிற்று. அப்பிரிவின் வீரர்களுக்கு இந்தியப் படையில் வழங்கும் செல்லப்பெயர் 'தம்பி'.