வெட்டியதால் பிழைத்த காடு

இங்கிலாந்தில் ஒரு காட்டைப் 'பழங்காடு' என்று சொல்ல வேண்டுமானால், அந்த இடம் 1600க்கு முன்பிருந்தே தொடர்ந்து காடாக இருந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் இந்தக் கணக்கு 1750. அந்த வருஷம் ஏதோ பெரிய சம்பவம் நடந்தது என்று தேட வேண்டாம். அதற்கு முன்னால் மரம் நட்டுக் காடு உண்டாக்கும் பழக்கம் அங்கே அநேகமாக இல்லை. நம்பத்தக்க நில வரைபடங்கள் கிடைக்கத் தொடங்குவதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். ஆகவே அன்று இருந்த காடு யாரும் நட்டு வந்த காடாக இருக்காது என்பது கணக்கு. இங்கே எண்ணப்படுவது மரத்தின் வயது அல்ல, இடத்தின் வயது. பழங்காட்டுக்குள் போய் நின்றால் கண்ணில் படும் தண்டெல்லாம் இருபது வயசுப் பையன்களாக இருக்கலாம்.

நாட்டின் நிலப்பரப்பில் இரண்டரை சதவீதம்தான் இப்படி மிஞ்சியிருக்கிறது. அதுவும் முழுசாக இல்லை. வயல்களுக்கு நடுவே துண்டு துண்டாக, பல இடங்களில் பத்து இருபது ஏக்கருக்குள் சுருங்கிக் கிடக்கிறது. இந்தத் துண்டுகள் வீட்டு மனை மாதிரி விற்பனைக்கும் வருகின்றன. காசு இருந்தால் நாலு ஏக்கர் பழங்காட்டை வாங்கிப் பத்திரம் பதிந்துகொள்ளலாம். நமக்கு இது விசித்திரமாகப் படும். காடு என்றாலே அரசாங்கக் காடு அல்லது சாமி காடு என்றுதானே பழகியிருக்கிறோம். வாங்கியவர் அதில் என்ன செய்ய வேண்டும் என்பது அதைவிட விசித்திரம். பல காடுகளில் அவர் கையில் அரிவாள் எடுக்க வேண்டும்.

'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்று பள்ளிக்கூடச் சுவரில் படித்து வளர்ந்தவர்களுக்கு இது ஏறாது. காட்டை விளக்க நம்மிடமே ஒரு நல்ல சொல் இருக்கிறது: மறுதாம்பு. கரும்பை அடியோடு வெட்டிய பிறகு கட்டையிலிருந்து துளிர்த்து வருவது. தைல மரத்துக்கும் அதையே சொல்வோம். ஹேசல், ஆஷ் போன்ற ஐரோப்பிய மரங்களும் அப்படித்தான். தரையோடு வெட்டினால் சாகாது. அடிக்கட்டையிலிருந்து பத்து இருபது கழிகள் நேராகக் கிளம்பும். ஹேசல் என்றால் ஏழெட்டு வருஷம், ஆஷ் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. மறுபடி வெட்டலாம். வேலிக்கும் விறகுக்கும் கருவிக் கைப்பிடிக்கும் அந்தக் கழிதான். இடையிடையே சில ஓக் மரங்களை மட்டும் வீடு கட்ட நெடுமரமாக வளர விடுவார்கள். காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து வருஷத்துக்கு ஒன்று என்று சுற்றி வந்தால், கடைசிப் பாத்தி முடியும்போது முதல் பாத்தி தயாராக இருக்கும். ஆடு மாடு புகுந்து தளிரை மேய்ந்துவிடாமல் காட்டைச் சுற்றி மண் கரையும், கரைக்கு வெளியே பள்ளமும் வெட்டி வைத்தார்கள். கரை இன்றும் பல காடுகளில் இருக்கிறது. வளைந்து வளைந்து போகும் அந்தக் கரைதான் வரலாற்றாசிரியருக்கு முதல் சாட்சி.

இப்படி வெட்ட வெட்டக் கட்டையும் அகன்றுகொண்டே போகும். சஃபோக் மாவட்டத்தின் பிராட்ஃபீல்ட் காட்டில் ஓர் ஆஷ் கட்டை ஏறக்குறைய 18 அடி அகலம். ஆயிரம் வருஷமாவது இருக்கும் என்று கணித்தவர் ஆலிவர் ராக்கம். வெட்டாமல் விட்ட ஆஷ் மரம் இருநூறு வருஷம் தாண்டினாலே அதிசயம். வெட்டுப்பட்டதால்தான் அதற்கு இத்தனை ஆயுள்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இந்த ராக்கம் (1939–2015) தாவரவியலில் தொடங்கி ஆவணக் காப்பகத்துக்குள் போனவர். சிவப்புக் காலுறையும் கையில் ஒரு குறிப்பேடுமாக வாழ்நாள் முழுக்கக் காடு காடாக நடந்தார். அவருக்கு முன்னால் எல்லோரும் நம்பிய கதை ஒன்று உண்டு: கப்பல் கட்டியும் இரும்பு உருக்கியும் இங்கிலாந்தின் காடுகளை அழித்தார்கள். அவர் 1086 டூம்ஸ்டே கணக்கெடுப்பைக் கூட்டிப் பார்த்தார். அப்போதே நாட்டில் 15 சதவீதம்தான் காடு. பெரும்பகுதி அதற்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே உழவுக்குப் போய்விட்டது. மிச்சம் நின்றது மனிதர்களுக்குத் தெரியாமல் ஒளிந்து கிடந்ததால் அல்ல. அதன் கழிக்கு வாங்க ஆள் இருந்ததால். இரும்பு உருக்குபவர்களும் எரிபொருள் தரும் காட்டை அழிக்க விரும்பவில்லை. அறுவடை செய்கிற வயலை யார் தூர்ப்பார்கள்?

நிலக்கரி ரயிலேறி ஊர் ஊராக வந்ததும் விறகுக்கு மதிப்புப் போனது. வெட்டுவதை நிறுத்தினார்கள். மேல்கிளைகள் கூரை போட்டன, தரை இருண்டது, பூக்கள் குறைந்தன. பழங்காட்டின் வரலாற்றில் மிகக் கேவலமான முப்பது வருஷம் என்றால் 1945 முதல் 1975 வரைதான். உழவு மானியம் ஒரு பக்கம். பழைய காட்டுக்கு விஷம் தெளித்து ஊசியிலை மரம் நடும் அரசின் வனக் கொள்கை இன்னொரு பக்கம். மிச்சமிருந்ததில் கிட்டத்தட்ட பாதி அந்த முப்பது வருஷத்தில் போனது. அழித்ததில் ஒரு பங்கு மரம் நடுகிறோம் என்ற பெயரில் நடந்தது என்பதை இரண்டு தடவை படித்துக்கொள்ளலாம்.

விலைக்கு வாங்கிக் காப்பாற்றும் வேலை அந்த நெருக்கடியில்தான் சூடு பிடித்தது. கேம்பிரிட்ஜ் அருகே ஹேலி காடு. 1251இல் ஈலி ஆயர் தன் சொத்துக்களை அளந்து எழுதியபோது 80 ஏக்கர் என்று கணக்கில் வந்த காடு. உள்ளூர் இயற்கை அறக்கட்டளை அதை 1962இல் வாங்கியது. வாங்கி இரண்டு வருஷத்தில் செய்த காரியம், பல காலம் நின்றுபோயிருந்த வெட்டை மறுபடி தொடங்கியது. வெளிச்சம் தரையில் விழுந்ததும், மங்கிக் கிடந்த ஆக்ஸ்லிப் என்ற வெளிர்மஞ்சள் பூ அடுத்த வசந்தங்களில் கூட்டமாக எழுந்து வந்தது. பின்னாடியே மான்களும் வந்தன. இங்கிலாந்துக் காடுகளை இன்று மேய்ந்து தீர்ப்பவற்றில் ஒன்று நம்மூர்க் கேளையாட்டின் சீனத்து உறவினன். பணக்காரப் பிரபு ஒருவரின் வோபர்ன் பண்ணையில் அழகுக்காகக் கொண்டுவந்து வைத்தது, வெளியே பரவிவிட்டது. ஆக, வெட்டினால் வேலியும் போட வேண்டும்.

பிராட்ஃபீல்டில் நிலைமை வேறு. அங்கே ஒரு பெரிய பகுதியை அறுபதுகளில் பிடுங்கி வயலாக்கினார்கள். எஞ்சியதை 1970இல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று வாங்கியது. அதுவரை அந்தக் காடு துண்டாகவாவது உயிரோடிருந்ததற்கு, பக்கத்து ஊரில் வைக்கோல் வாரும் கருவி செய்த தொழிற்கூடம் ஒரு முக்கியக் காரணம். அவர்களுக்குக் கழி தேவைப்பட்டது. அதனால் மறுதாம்பு வெட்டும் நிற்கவில்லை. புனிதமும் இல்லை, கவிதையும் இல்லை. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

தனிமனிதர்களும் வாங்கினார்கள். எழுத்தாளர் ரிச்சர்ட் மேபி 1981இல் சில்டர்ன் குன்றுகளில் 16 ஏக்கர் வாங்கி ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிட்டார். ட்ரைலோபைட் புதைபடிவ ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபோர்ட்டி, தொலைக்காட்சித் தொடர் செய்த காசில் 2011இல் நாலு ஏக்கர் பீச் காடு வாங்கி, அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். இதெல்லாம் வசதியான நடுத்தர வர்க்கத்தின் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு என்று ஒருவர் சொன்னால் நான் முழுசாக மறுக்க மாட்டேன். விறகு பொறுக்கும் உரிமையோடு அந்தக் காடுகளுக்குள் நடந்த ஏழைகள் எப்போதோ வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். பத்திரத்தில் அவர்கள் பெயர் வராது. மேபி வேலியைத் திறந்துவிட்டதை அதனால்தான் பெரிதாக நினைக்கிறேன். சட்டமும் உடைமையாளரை முழுசாக விட்டுவிடுவதில்லை. 1967 வனச் சட்டப்படி, சில விலக்குகள் போக, மூன்று மாதத்துக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் வெட்ட உரிமம் வேண்டும். அந்த ஐந்திலும் இரண்டைத்தான் விற்கலாம்.

இப்போது வாங்குகிறவருக்குத் தலைவலி வேறு. ஆஷ் மரங்களைக் காயவைக்கும் பூஞ்சை நோய் பிரிட்டனில் 2012இல் உறுதியானது. காற்றிலும் வந்தது, ஐரோப்பிய நாற்றங்கால்களிலிருந்து நடுவதற்கென்று இறக்குமதியான கன்றுகளோடும் வந்தது. ஆஷ் அங்கே களை மாதிரி தானாக முளைக்கும் மரம்! அதைப் போய்க் கப்பலில் கொண்டுவந்தார்கள். ராக்கம் இறப்பதற்கு முந்தைய வருஷம் ஆஷ் மரத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். உலகம் முழுக்கச் செடியையும் மண்ணையும் ஏற்றி இறக்கும் வியாபாரம்தான் மரங்களுக்கு இன்று பெரிய எமன் என்று அதில் கிழித்திருக்கிறார்.

சரி, பழங்காடு போனால் புதுசாக ஒன்று நட்டுக்கொள்ள முடியாதா? ஹேலி காட்டின் ஓரத்தில், ரயில்பாதைக்கும் காட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு முக்கோண வயல் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் உழவு கைவிடப்பட்டது. யாரும் ஒரு கன்றுகூட நடவில்லை. மரங்கள் தாமாகவே வந்து மூடிவிட்டன. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே காடு. ராக்கம் உள்ளே போய் ஆக்ஸ்லிப் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்துவந்தார். பழைய கரையைத் தாண்டி அது முக்கோணத்துக்குள் இறங்கியிருந்தது. சில அடி, பிறகு இன்னும் சில அடி.