இஸ்திரித் துணிக்கு அடியில் ஒரு சரித்திரம்

புது வருஷத்தில் டைரி எழுதத் தொடங்கி, பொங்கலோடு நிறுத்திவிடுகிற ஜாதி நான். அமெரிக்காவில் மார்மன் சபையாருக்கு அப்படி நிறுத்த முடியாது. 1830 ஏப்ரல் 6-ம் தேதி சபை பிறந்தபோதே, நடந்தவற்றை எழுதி வைக்க வேண்டும் என்ற கட்டளையும் பிறந்துவிட்டது. 1847-ல் யூட்டா பாலைவனத்துக்கு மாட்டு வண்டிகளில் போனவர்கள் வழியெல்லாம் எழுதினார்கள். அந்த நோட்டுகள் பேரப்பிள்ளைகளின் டிரங்குப் பெட்டிகளில் கிடந்தன.

அவற்றைத் தேடி வீடு வீடாகப் போனவர் ஜுவானிட்டா புரூக்ஸ் என்ற அம்மாள். செயின்ட் ஜார்ஜ் என்ற சிற்றூரில் ஆசிரியை, சபையில் பக்தியுள்ளவர். 1930-களில் வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் கூலி கொடுத்த திட்டத்தைப் பயன்படுத்தி, ஊர்ப் பெண்களைக் கொண்டே பழைய டைரிகளுக்கு டைப் பிரதிகள் எடுக்கச் செய்தார்.

இதுவரை ஊருக்குச் சந்தோஷந்தான். ஆனால் அம்மாளின் மனத்தை அரித்த சங்கதி வேறு. இளம் ஆசிரியையாக இருந்தபோது நெஃபி ஜான்ஸன் என்ற கிழவர், தமக்காகச் சிலவற்றை எழுத வேண்டும் என்று அவரைக் கேட்டிருந்தார். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டுவிட்டார். 1919-ல் போய்ப் பார்த்தபோது கிழவர் மரணப் படுக்கையில், “ரத்தம், ரத்தம்!” என்று அலறிக்கொண்டிருந்தார்.

எந்த ரத்தம்? 1857 செப்டம்பரில், கலிபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த சுமார் 120 பேரை, பத்திரமாக அனுப்புவதாக வாக்குக் கொடுத்து ஆயுதங்களைக் கீழே வைக்கச் செய்து, மவுண்டன் மெடோஸ் புல்வெளியில் கொன்றார்கள். கொன்றவர்கள் உள்ளூர் மார்மன் படையினர். பையூட் பழங்குடியினர் சிலரும் கூட இருந்தார்கள். மிஞ்சியவை பதினேழு சின்னக் குழந்தைகள். பழி வெகுகாலம் பையூட்டுகள்மேல் இருந்தது. தண்டனை பெற்றவர் ஜான் டி. லீ ஒருவரே, 1877-ல் அதே புல்வெளியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

புரூக்ஸ் அம்மாள் வீட்டிலேயே இதை எழுதினார். அண்டை அயலார் வந்தால் டைப்ரைட்டர்மேல் துணிகளைப் போட்டு மூடிவிட்டு இஸ்திரி போடத் தொடங்கிவிடுவாராம்! புத்தகம் 1950-ல் வெளிவந்தது. சபை அவரை விலக்கவில்லை. ஆனால் பலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் சபையை விட்டுப் போகவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வெளியே நின்று ஏசுவது யாருக்கும் முடியும்.

1961-ல் சபை, இறந்துபோன லீயின் உறுப்பினர் உரிமையைத் திருப்பித் தந்தது. 1965-ல் லெனார்ட் ஆரிங்டன் முதலியோர் மார்மன் சரித்திரச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சபையைச் சேர்ந்தவர்களும் சேராதவர்களும் அதில் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். 2007 செப்டம்பரில், நூற்றைம்பதாவது ஆண்டில், அந்தப் புல்வெளியிலேயே சபைத் தலைவர்களில் ஒருவர் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். புரூக்ஸ் அம்மாள் 1989-லேயே காலமாகிவிட்டார்.