கெய்ரோவின் விலையில்லா நூல்களும் நம் பிள்ளைகளின் மின்னூல்களும்



ஹிஜ்ரி 395, அதாவது கி.பி. 1005ஆம் ஆண்டில், கெய்ரோ நகரில் தாருல் இல்ம் எனும் அறிவு இல்லம் திறக்கப்பட்டது. நிறுவியவர் ஃபாத்திமி ஆட்சியாளர் அல்ஹாகிம். அவருடைய கொள்கையில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் இந்த ஏற்பாட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அரண்மனை நூல்கள் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டன. வருவோர் வாசிக்கலாம், படியெடுக்கலாம். காகிதம், மை, நாணற்பேனா, மைக்கூடு யாவும் விலையின்றிக் கிடைத்தன என வரலாற்றாசிரியர் மக்ரீஸீ பதிவு செய்துள்ளார். நூல்களை அடுக்கியதோடு நிற்கவுமில்லை. இலக்கண அறிஞர், வானியலார், மருத்துவர் முதலியோர் ஊதியம் பெற்று அங்கே அமர்ந்திருந்தனர்.

அரை நூற்றாண்டு கழியுமுன் அதே நகரில் ஒரு சர்ச்சை மூண்டது. கீஸாவில் ரொட்டி சுடுபவரின் மகனாகப் பிறந்த இப்னு ரிழ்வானுக்கு ஆசிரியரிடம் பயிலப் பொருள் வசதி இல்லை. சோதிடம் சொல்லிப் பிழைத்தவாறே நூல்களின் துணையால் மருத்துவம் கற்று, எகிப்தின் தலைமை மருத்துவராக உயர்ந்தார். ஆசிரியரைவிட நூலே மேல் என்றும் எழுதினார். 1049இல் கெய்ரோ வந்த பக்தாத் கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான் அதைக் கடுமையாக மறுத்தார்.

அவர் சொன்ன காரணங்கள் இன்றும் கூர்மையானவை. ஒரு சொல் விளங்காவிடில் ஆசிரியர் வேறு சொல்லால் விளக்குவார். நூலோ அதே சொல்லையே திரும்பக் காட்டும். படியெடுப்பவரின் கை பிசகும். ஒரு புள்ளி இடம் மாறினால் அரபுச் சொல்லே வேறாகிவிடும். ஹரகத் இல்லாத கிதாபை முதன்முதலாகத் திறந்த எந்த மதரஸா மாணவரும் இதை மறுக்கமாட்டார். ஆனால் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: இப்னு புத்லானுக்குப் பக்தாதில் சிறந்த ஆசிரியர் வாய்த்திருந்தார். ரொட்டிக் கடைக்காரர் மகனுக்கு நூல் மட்டுமே வாய்த்தது.

இச்சர்ச்சையை நமக்கு நினைவூட்டியவர் நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர். கணினிப் பயிற்சி நிலையத்திற்குக் கட்டணம் செலுத்த அவர் குடும்பத்தால் இயலாது. கைப்பேசியில் பதிவிறக்கிய இலவச மின்னூல் ஒன்றைக் கொண்டு பைத்தான் நிரல்மொழி பயின்றார். நூலோ 2020உடன் ஆதரவு நிறுத்தப்பட்ட இரண்டாம் பதிப்பு மொழிக்கானது. கணினியில் இருந்தது மூன்றாம் பதிப்பு. அதில் அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டும். நூலில் அது இல்லை. ஆங்கிலப் பிழைச்செய்தி விளங்காமல், தன் கண்தான் தவறாக வாசிக்கிறதோ என்று மூன்று நாள்கள் அதே வரியைத் தட்டியிருக்கிறார். மஹல்லாவின் பொறியாளர் ஒருவர் அதை ஒரே நிமிடத்தில் தீர்த்துவைத்தார்.

அந்த மின்னூலைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அதுவன்றி அவருக்குத் தொடக்கமே இல்லை. தமிழில் 2012 முதல் கணியம் குழுவினர், எவரும் படியெடுத்துப் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கணினி நூல்களை வழங்கிவருகின்றனர். (எழுதியவரின் இசைவின்றிப் பரவும் திருட்டுப் படிகளை நாம் இலவசம் என்று சொல்லவில்லை.)

இப்போது அஸர் தொழுகைக்குப் பின் வாரம் ஒருநாள் அப்பொறியாளர் நான்கு பிள்ளைகளோடு அமர்கிறார். நம் மாணவர் அந்நூலை அச்செடுத்து, பிழைபட்ட இடங்களில் பழைய கிதாபுகளின் ஹாஷியாவைப் போல ஓரக்குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தப் பிரதி இப்போது அவருடைய தம்பியிடம் இருக்கிறது.