கியூ பூங்காவும் இறப்பர்க் கன்றும்

இலண்டனில் வாழும் பழைய நண்பர் இருவரைக் காணச் சென்றபோது, அவர்கள் என்னைக் கியூ தாவரவியற் பூங்காவுக்கு அழைத்துச் சென்றனர். கொழும்பில் ஒரே வாங்கில் அமர்ந்து பயின்றவர்கள் நாங்கள். 1759 இல் அகஸ்ரா இளவரசி தொடக்கிவைத்த அப்பூங்கா, 1840 இல் அரசுடைமையாயிற்று.

1848 இல் கட்டிமுடிக்கப்பட்ட பனை மாளிகை இரும்பாலும் கண்ணாடியாலும் ஆனது. உள்ளே புகுந்ததும் நம் நாட்டு வெக்கை, மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டோம். அங்கே நின்ற இறப்பர் மரத்தின் முன் நண்பரொருவர் பேச்சின்றி நின்றுவிட்டார். அவருடைய பாட்டனார் களுத்துறைத் தோட்டமொன்றிற் பால் வெட்டியவர்.

நேயர்களே, இறப்பர் நம் நாட்டுக்கு வந்தது அந்தப் பூங்காவின் வழியாகத்தான். 1876 யூன் மாதத்தில் ஹென்றி விக்காம் என்பார் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். இறப்பர் விதை விரைவிற் கெடும் இயல்பினது. முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவே. அவற்றுள் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள், கண்ணாடிப் பேழைகளுட் பேணப்பெற்று, அவ்வாண்டிலேயே இலங்கைக்குக் கப்பலேறின. கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை வேரூன்றின. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குச் சென்றன.

1913 அளவில் ஆசியத் தோட்ட இறப்பர், அமேசன் காட்டு இறப்பரை அளவில் விஞ்சியது. மனாவுஸ் நகரின் செல்வம் தேய்ந்தது. தென்னிந்தியத் தமிழ்க் குடும்பங்களோ இலங்கைக்கும் மலாயாவுக்கும் கடல்கடந்து கொண்டுவரப்பட்டன. விக்காமுக்கு 1920 இல் 'சேர்' பட்டம் கிடைத்தது. இங்கே தோட்டங்களில் உழைத்த அக்குடும்பங்களுட் பெரும்பாலானவை, 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவையாயின. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறிற்று.