தீயணைப்புக் குழாய்களுக்குள் கறள்: கட்டட உரிமையாளர்கள் அறிந்திருக்க வேண்டியவை

புலம்பெயர் நாடுகளில் எம்மவர் பலர் இன்று தொடர்மாடி வீடுகளுக்கும் கடைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் உரிமையாளர்கள். பழைய தொழிற்சாலைக் கட்டடங்களை வாங்கிக் கோயிலாகவும் மண்டபமாகவும் மாற்றியிருக்கிறோம். இவற்றுள் பலவற்றின் கூரையின் கீழே ஸ்பிரிங்க்ளர் எனப்படும் தானியங்கித் தீயணைப்புக் குழாய்கள் ஓடுகின்றன. அவை உள்ளே கறள் பிடித்து அரிபடுவதைத் தண்ணீர் ஒழுகத் தொடங்கும்வரை நாம் கவனிப்பதில்லை.

ஒழுகலை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உதிர்ந்த கறள் திரண்டு குழாயை அடைத்துக்கொண்டால், தீப்பிடிக்கும் நாளில் போதிய தண்ணீர் வராது.

கறள் எப்படி உண்டாகிறது?

இரும்பு, தண்ணீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் கறள் உண்டாகும். குழாய் நிறையத் தண்ணீர் அசையாமல் நின்றால், அதில் கரைந்துள்ள ஒட்சிசன் காலப்போக்கில் தீர்ந்து அரிப்பும் பெருமளவு தணியும். புதிய காற்று உள்ளே போனால் மீண்டும் தொடங்கும். ஆகவே தண்ணீரை மட்டுமல்ல, உள்ளே அகப்பட்ட காற்றையும் நாம் பார்க்க வேண்டும்.

ஈரக் குழாய்த் தொகுதியில் எப்போதும் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நிரப்பும்போது உயரமான முனைகளில் காற்று அகப்பட்டுக்கொள்ளும். தண்ணீரும் காற்றும் சந்திக்கும் கோட்டில்தான் அரிப்பு அதிகம். திருத்த வேலைக்காகத் தண்ணீரை இறக்கி மீண்டும் நிரப்பும் ஒவ்வொரு முறையும் புதிய ஒட்சிசன் உள்ளே போகிறது.

வெப்பமூட்டப்படாத நிலக்கீழ் வாகனத் தரிப்பிடங்களைப் போல, 4 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரக்கூடிய இடங்களில் உலர் குழாய்த் தொகுதி இருக்கும். குழாய்க்குள் அழுத்தக் காற்று நிற்கும்; தீயின் வெப்பத்தில் ஸ்பிரிங்க்ளர் திறந்தால் காற்று வெளியேறித் தண்ணீர் வரும். தண்ணீர் இல்லையே, கறள் எப்படி வரும் என்று நினைக்கலாம். ஆனால் பரிசோதனையின்போது புகுந்த தண்ணீர் தாழ்வான இடங்களில் தேங்கி நிற்கும். கொம்பிரசரோ 21 வீதம் ஒட்சிசன் உள்ள காற்றைத் தொடர்ந்து ஊட்டுகிறது. அதனால் உலர் குழாய்கள் ஈரக் குழாய்களை விட விரைவாக ஓட்டை விழுவதுண்டு.

நாகமுலாம் பூசிய குழாயும் இங்கே முழுப் பாதுகாப்பல்ல. தண்ணீர் தேங்கிய இடத்தில் முலாம் கரைந்த பின், அரிப்பு ஒரே புள்ளியில் ஆழமாக இறங்கி ஊசித் துளை விழும். குழாயின் சுவர்த் தடிப்பும் முக்கியம். 2 அங்குலக் குழாயில் ‘ஷெடியூல் 40’ வகையின் சுவர் 3.91 மில்லிமீற்றர், மலிவான ‘ஷெடியூல் 10’ வகையில் 2.77 மில்லிமீற்றர்தான். சில வகைப் பக்டீரியாக்களும் அரிப்பைத் துரிதப்படுத்தும்.

தடுக்கும் வழிகள்

- ஈரக் குழாயின் உயரமான முனையில் காற்றுப்போக்கி வால்வு பொருத்துதல். அமெரிக்காவின் என்.எப்.பி.ஏ. 13 நியமம் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்து இதைக் கேட்கிறது.
- உலர் குழாயில் காற்றுக்குப் பதிலாக, 98 வீதமோ அதற்கு மேலோ தூய்மையான நைதரசனை நிரப்புதல். காற்றிலிருந்து நைதரசனைப் பிரிக்கும் இயந்திரத்தைக் கட்டடத்திலேயே வைக்கலாம்.
- பரிசோதனைக்குப் பின்னரும் குளிர்காலத்துக்கு முன்னரும் தாழ்முனை வடிகால்களைத் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்றுதல்.
- குழாயின் சாய்வைக் காத்தல். விழாவுக்குத் தோரணமும் மின்விளக்கும் கட்ட இக்குழாய்களைப் பயன்படுத்தக் கூடாது. தாங்கிகள் தளர்ந்து குழாய் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கும்.
- கொம்பிரசர் அடிக்கடி இயங்கினால் காற்றுக் கசிவைத் தேடி அடைத்தல்.
- 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை குழாயின் உட்புறத்தைத் திறந்து பார்த்தல். இது என்.எப்.பி.ஏ. 25 சொல்லும் கால இடைவெளி. உங்கள் நாட்டு விதியையும் கேட்டறியுங்கள்.
- பக்டீரியாச் சந்தேகம் இருந்தால் முதலில் தண்ணீர் மாதிரியைப் பரிசோதித்தல். பரிசோதிக்காமல் இரசாயனம் ஊற்றக் கூடாது.

கணக்கேட்டில் தெரியும் அறிகுறி

கணக்கு எழுதும் எங்களுக்குக் குழாயின் உட்புறம் தெரியாது, விலைச்சிட்டைகள் தெரியும். ஒரே கட்டடத்தில் ஒழுகல் திருத்தச் செலவு ஆண்டுக்கு ஆண்டு வருமானால், அது தற்செயல் அல்ல. ஓட்டை விழுந்த துண்டை மாற்றுவதோடு காரணம் மாறுவதில்லை. மாற்றுவதற்காகத் தண்ணீரை இறக்கியதே அடுத்த துண்டின் அரிப்புக்கு உதவுகிறது. திருத்தச் செலவாகச் சிறிது சிறிதாக எழுதப்படுவது ஒருநாள் முழுத் தொகுதியையும் மாற்றும் மூலதனச் செலவாக வந்து நிற்கும்.

ஒன்ராறியோவில் கொண்டோக்களின் ஒதுக்கு நிதி ஆய்வு 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அந்த அறிக்கையில் ஸ்பிரிங்க்ளர் குழாய்களுக்கு எத்தனை ஆண்டு ஆயுள் கணிக்கப்பட்டுள்ளது, கடைசியாக எப்போது உட்புறம் பார்க்கப்பட்டது என்று வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கேட்கலாம். மண்டபமோ கோயிலோ வாங்குவோர், கடந்த 5 ஆண்டுப் பரிசோதனை அறிக்கைகளை விற்பவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

இறுதியாக ஒன்று. ஒழுகுகிறது என்று வால்வை மூடிவிட்டு அப்படியே விடாதீர்கள். மூடிய நேரம் முழுவதும் கட்டடத்துக்குப் பாதுகாப்பு இல்லை. தகுதி பெற்ற ஒப்பந்தகாரருக்கும் தீயணைப்புத் திணைக்களத்துக்கும் அறிவித்து, திருத்தம் முடியும்வரை தீக்காவலுக்கு ஆள் நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் வால்வு மீண்டும் திறக்கப்பட்டதா என்பதை நேரில் நின்று பாருங்கள்.