இளங்குழந்தைகளின் உணவூட்டலும் பேச்சு வளர்ச்சியும்

பிறந்தது முதல் மூன்று வயது வரை குழந்தை உண்ணவும் பேசவும் பழகும் முறையையும், அதற்குப் பெரியவர்கள் துணைநிற்கும் வழிகளையும் பற்றியது இத்தலைப்பு. உதடு, நாக்கு, தாடை, அண்ணம், குரல்வளை ஆகியவை இரண்டு வேலைக்கும் பொது. அதனால் பேச்சு–மொழிச் சிகிச்சையாளர்களே விழுங்கல் சிக்கல்களையும் கவனிக்கின்றனர். உறுப்புகள் ஒன்றானாலும் அவற்றை மூளை இயக்கும் விதம் வேறு. நன்றாக மென்று தின்னும் குழந்தை தாமதமாகப் பேசலாம். தெளிவாகப் பேசும் குழந்தை கட்டி உணவைக் கண்டால் குமட்டலாம். ஊதல் ஊதுவது, நாக்கைச் சுழற்றுவது போன்ற வாய்ப்பயிற்சிகளால் பேச்சு வரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. இரண்டு வளர்ச்சிக்கும் பாலமாக இருப்பது, உணவு வேளையில் குழந்தைக்கும் ஊட்டுபவருக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலே.

முதல் ஆறு மாதங்கள்

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றும் ஒத்திசைவது கருவின் சுமார் 34ஆவது வாரத்தில்தான். அதற்கு முன் பிறக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலைக் கறந்து, குழாய் வழியாகவோ பாலாடையாலோ கொடுப்பார்கள். பாலாடை என்பது மூக்கு நீண்ட சிறு கிண்ணம். வீடுகளில் சங்கு என்றும் சொல்வார்கள். இந்திய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் இது புழக்கத்தில் உள்ளது. குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை வாயோரத்தில் வைத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த மடக்கைச் சரிக்க வேண்டும். காலில் மல்லாக்கப் போட்டு, அழ அழப் புகட்டினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியலாம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்கி, ஆறு மாதம் வரை அதை மட்டுமே தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிறந்தவுடன் இனிப்பை நாவில் தடவிச் ‘சேனை’ தொட்டு வைப்பது இதற்கு முரணானது. தேன் தொட்டு வைத்தால் ஆபத்து இன்னும் கூடுதல்: பாட்டுலினம் எனும் நச்சு நோய்க்கு வழிவகுக்கும் என்பதால் ஒரு வயதுக்குள் தேன் கூடாது.

குழந்தையின் முதல் மொழி பசியின் மொழி. பசித்தால் தலையைத் திருப்பி வாயால் தேடும், கையைச் சப்பும். வயிறு நிறைந்தால் மூடியிருந்த கை விரியும், முகம் விலகும். அழுகை பசியின் கடைசி அடையாளம். முந்தைய குறிகளுக்கே பதில் கிடைத்துப் பழகிய குழந்தை, தான் சொல்வதற்குப் பலன் உண்டு என்பதை அறிந்துகொள்கிறது.

இணை உணவு

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்குகிறது. தலை நிற்பது, பிடிமானத்தோடு உட்கார்வது, கரண்டியை நாக்கு வெளியே தள்ளாதிருப்பது ஆகியவை அதற்கான ஆயத்தக் குறிகள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இணை உணவிலிருந்து நாளொன்றுக்கு 6–8 மாதத்தில் சுமார் 200 கலோரியும், 9–11 மாதத்தில் 300 கலோரியும், 12–23 மாதத்தில் 550 கலோரியும் தேவை. இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பாலைத் தொடரலாம்.

கேழ்வரகுக் கூழ், நெய்விட்டுக் குழையப் பிசைந்த பருப்புச் சோறு, இட்லி, மசித்த வாழைப்பழம், முட்டை எனத் தமிழ் வீட்டு உணவே இதற்குப் போதும். ஆனால் பலரும் தவறுவது பதத்தில். எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கூழாகவே ஒரு வயது தாண்டியும் ஊட்டினால், மெல்லப் பழகும் காலம் கைநழுவிவிடுகிறது. எட்டு, ஒன்பது மாதத்தில் சோற்றைக் கையால் ஒன்றிரண்டாக மசித்தால் போதும். குழந்தை தானே எடுத்துக் கடிக்க வெந்த கேரட் துண்டும் இட்லி விள்ளலும் தரலாம். முதலில் தாடை மேலும் கீழுமாக மட்டுமே அசையும். உணவைப் பக்கவாட்டில் ஒதுக்கி அரைத்து மெல்லுவது இரண்டு வயதை ஒட்டிப் பக்குவப்படும். புதிய உணவைத் துப்பினால் வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. எட்டுப் பத்து முறை, சில நேரம் அதற்கும் மேல், சுவைத்த பிறகே பல குழந்தைகள் ஏற்கும். நிலக்கடலை, முழு திராட்சை, கடின முறுக்கு ஆகியவை தொண்டையில் அடைக்கக்கூடியவை.

பேச்சின் படிகள்

இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரித்துக் குரல் கொடுக்கும் குழந்தை, ஆறேழு மாதத்தில் மழலை ஒலிகளை அடுக்கத் தொடங்கும். ஒன்பது மாதத்தில் பெயர் சொன்னால் திரும்பும். ஒரு வயதை ஒட்டி விரலால் சுட்டும், முதல் சொல் வரும். இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என இரு சொல் சேரும். உதட்டொலிகளான ம, ப முந்தி வருகின்றன. ர, ற, ழ பிந்தி வருகின்றன. பால் குடிப்பதற்கு ‘இங்கா’, சோற்றுக்கு ‘மம்மு’ என்னும் மழலைச் சொற்கள் உணவு வேளையிலேயே புழங்குவதால், பல வீடுகளில் அவையே குழந்தை முதலில் புரிந்துகொள்ளும் சொற்களில் சேர்கின்றன.

ஊட்டும் வழக்கமும் உரையாடலும்

இடுப்பில் வைத்து நிலாவைக் காட்டிச் சோறூட்டும் வழக்கத்தில் பேச்சுக்கான அடிப்படை உண்டு. பெரியவர் சுட்ட, குழந்தை விரலைப் பின்தொடர்ந்து நிலவைப் பார்க்கிறது. இருவர் கவனமும் ஒரே பொருளில் குவியும்போது அதன் பெயர் மனத்தில் பதிகிறது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமும் கைகொட்டலைச் சப்பாணிப் பருவமாகவும், நிலவை விளையாட அழைப்பதை அம்புலிப் பருவமாகவும் வகுத்துள்ளது.

கைப்பேசியில் படம் ஓடவிட்டு ஊட்டும்போது இந்தப் பரிமாற்றம் அறுந்துபோகிறது. வாய் திறக்கிறது, ஆனால் குழந்தை எதைத் தின்கிறோம் என்றும் பார்ப்பதில்லை, யார் ஊட்டுகிறார் என்றும் பார்ப்பதில்லை. இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. இதற்கு மாற்று எளியது: எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு வாய் ஊட்டி, காத்திருப்பது. ‘இன்னும் வேணுமா?’ என்று கேட்டு, கையோ கண்ணோ குரலோ பதில் தரும்வரை பொறுப்பது. வாயை மூடிக்கொண்டால் அதையும் பதிலாக ஏற்பது.

எச்சரிக்கைக் குறிகள்

பால் குடிக்கும்போது அடிக்கடி இருமல், நீலம் பாய்தல், மூக்கு வழியே பால் வருதல், ஒரு வேளைக்கு அரை மணிக்கு மேல் ஆதல், எடை கூடாமை ஆகியவை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. அண்ணப்பிளவு, மூளை முடக்குவாதம், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு இச்சிக்கல்கள் கூடுதல். பெயருக்குத் திரும்பாமை, ஒரு வயதில் சுட்டாமை, பதினெட்டு மாதத்திலும் ஒரு சொல்லும் வராமை, வந்த சொல் மறைதல் ஆகியவை பேச்சு சார்ந்த குறிகள். இவற்றுக்கு முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. ‘பிள்ளை வளர்ப்பான்’ எனப்படும் வசம்பை நாக்கில் தேய்த்தால் பேச்சு வரும் என்ற நம்பிக்கையும், ‘ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்’ என்ற ஆறுதலும் மாதங்களை விழுங்கிவிடுகின்றன.

சேவைகள்

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகள் எடை பார்த்து, சத்துமாவு வழங்குகின்றன. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கே சென்று, பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் சோதித்து, தேவைப்படும் குழந்தைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்புகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் 1965இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் சிறப்புச் சிகிச்சை தருகின்றன. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, செவிக்குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகளாவிய இலக்கு. முதல் வாய் சோறு ஊட்டும் வயதுக்குள் காதின் நிலை தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.