சுற்றுச்சூழல் படிப்பு: சேரும் முன் தருமபுரி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

“சுற்றுச்சூழல் படித்தால் வேலை கிடைக்குமா?” பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நம் மஹல்லாக்களில் பெற்றோர்கள் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. வாய்ப்புகள் இருக்கின்றன. ஆனால் எந்தப் பட்டத்தின் வழியாக இத்துறைக்கு வருகிறோம் என்பதைப் பொறுத்தே அவை அமையும். இதை விசாரிக்காமல் சேர்ந்துவிட்டு, பட்டம் வாங்கிய பிறகு ‘தகுதி இல்லை’ என்று தெரிந்துகொள்ளும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரக் கூடாது.

கட்டாயத் தாள் வேறு, பட்டம் வேறு

இளங்கலையில் எந்தப் பாடம் எடுத்தாலும் ‘சுற்றுச்சூழல் கல்வி’ என்ற தாளை எழுத வேண்டும். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் உத்தரவிட்டது. அது நடைமுறைக்கு வராததால் 2003-ல் நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. அதன் பிறகே பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆறு மாதப் பாடத்திட்டம் கல்லூரிகளுக்கு வந்தது.

இந்தத் தாளை மட்டும் வைத்து வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. அதற்குத் தனிப் பட்டம் வேண்டும். ஆனாலும் பாடத்திட்டத்தில் களப்பணிக்கென ஒரு பகுதி இருக்கிறது. மாணவர் தம் பகுதியின் ஆற்றையோ மாசடைந்த இடத்தையோ நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். பலர் அதை அண்ணன், அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதி முடித்துவிடுகிறார்கள். தருமபுரியில் வாழும் மாணவர் அப்படிச் செய்வது பெரிய இழப்பு.

நம் மாவட்டமே பாடம்

இங்குள்ள பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உள்ளன. பாறை இடுக்குகளில் நீண்ட காலம் தங்கும் நிலத்தடி நீரில் அது கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அளவு மீறினால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

இதற்காகவே ஜப்பானின் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் வகுக்கப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வந்தது. ஆனால் குழாய் நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கும் வீடுகளுக்கு ஆபத்து நீங்கவில்லை. தம் தெருக் கிணற்று நீரையும் பள்ளிவாசல் ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்து, முடிவை ஊராருக்கு விளக்கும் மாணவர் களப்பணியையும் முடிக்கிறார், ஊருக்கும் உதவுகிறார்.

எந்தப் பட்டம், எந்த வழி?

இந்திய வனப்பணித் தேர்வை (ஐ.எஃப்.எஸ்.) எழுத, பட்டப் படிப்பில் கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். இந்தப் பட்டியலில் ‘சுற்றுச்சூழல் அறிவியல்’ இல்லை. எனவே இளங்கலையில் வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற அடிப்படைப் பாடம் ஒன்றை எடுத்து, முதுகலையில் சுற்றுச்சூழல் அறிவியலுக்குப் போவதே பாதுகாப்பான வழி என்பது நம் கருத்து. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இதற்கான துறைகள் உள்ளன. வனவியல் படிக்க விரும்புவோருக்கு மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது.

முதுகலை அறிவியல் முடித்தவர்கள் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விஞ்ஞானி பணிக்கு முயலலாம்; அங்கே உதவிப் பொறியாளர் பணிக்குப் பொறியியல் பட்டம் தேவை. தனியார் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள், ஆலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள் ஆகியவற்றிலும் வேலை உண்டு. கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் ‘நெட்’ தேர்வைச் சுற்றுச்சூழல் அறிவியல் பாடத்திலேயே எழுதலாம்.

கலைப் பிரிவு மாணவர்களும் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. அந்தக் கட்டாயத் தாளே ஒரு வழக்கறிஞரின் முயற்சியால் வந்ததுதான். பி.ஏ. முடித்துச் சட்டம் படித்தவர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வழக்காடலாம். சமூகப் பணி, இதழியல் படித்தவர்களுக்கும் இத்துறையில் இடமிருக்கிறது.

வளைகுடாவில் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் அலுவலர் வேலை என்று விளம்பரம் செய்து சில வாரப் பயிற்சிக்குப் பெருந்தொகை கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. பட்டமும் அனுபவமும் உள்ளவருக்கு அச்சான்றிதழ் கூடுதல் பலம். அவை இல்லாதவருக்கு அதை மட்டும் நம்பிக் கடன் வாங்குவது சரியல்ல.

பெற்றோர்களே, சேர்க்கைக்கு முன் பிள்ளை விரும்பும் பணியின் கடைசி அறிவிப்பை எடுத்து, கல்வித் தகுதிப் பகுதியை ஒருமுறை சேர்ந்து படியுங்கள். அதன் பிறகு கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளின் உழைப்பு வீண் போகாது.